கண்ணாயிரத்தின் போக்ஸ் கம்பி

கன்னத்தைப் பலகையோடு ஒட்டி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் கண்ணாயிரம். பொம்மை ரயிலின் தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம் அது. அங்கே நாக்குப் போல அசையும் சின்னத் துண்டு இந்தப் பக்கம் ஒட்டினால் வண்டி ஸ்டேஷனுக்குப் போகும். அந்தப் பக்கம் ஒட்டினால் மலைக்கு. நடுவில் நின்றால் கவிழும். ஒட்டிவிட்டது என்று கண் சொன்ன பிறகும் நகத்தால் நெருடிப் பார்க்கிறார்.

கள்ளக்குறிச்சி கடைவீதியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவர். வேலைக்கு வரும் ரேடியோவை ஆளின் எதிரிலேயே திறந்து காட்டுவார். "நல்லா பாத்துக்க. அப்பறம் ஸ்பீக்கர மாத்திட்டன்னு வந்து நிக்காத." கடையை ஒட்டிய வீட்டின் பின்னறையில்தான் ரயில் ஓடுகிறது. மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. சாயம் தோய்த்த சாக்கில் கல்வராயன் மலை. மனைவி குஞ்சம்மாளின் துடைப்பத்துக்கு அந்த அறையில் அனுமதி இல்லை.

பாதை மாற்ற, பெட்டியோடு ஒரு மின்சார ஸ்விட்சும் வந்திருந்தது. நாள் முழுக்க மின்சாரத்தோடு பிழைக்கிற மனிதர் அதைக் கழற்றி எறிந்தார். "டக்குனு சத்தம் வருது. பாத மாறிச்சா இல்லியான்னு அதுக்குத் தெரியுமா?" விரலாலேயே தள்ளினார்; சட்டைக் கை பட்டுப் பெட்டிகள் சாய்ந்தன. சைக்கிள் பிரேக் ஒயரை மாட்டினார். இழுத்தால் வந்தது, தள்ளினால் மடங்கியது. கடைசியில், அடிக்கடி அங்கே போய் உட்காரும் என்னையும் அழைத்துக்கொண்டு சின்னசேலம் ஸ்டேஷனுக்குப் போய், அங்கே தண்டவாளம் மாற்றும் நெம்புகோலையே வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "கெட்டிக் கம்பிதான் சரி. அங்க நவுந்தா இங்க கையில தெரியும்" என்றார். பலகைக்கு அடியில் சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பிகள் வந்தன. நாக்கு நழுவாமல் அழுத்திப் பிடிக்கப் பேனா ஸ்பிரிங்.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் இல்லை, வெளியூர்ப் போலீஸ் இறங்கியிருந்தது. ரயில்வே ஸ்டேஷனில் நோட்டம் பார்த்த ஆள் வீட்டில் கம்பி செய்கிறான் என்று யாரோ போலீஸில் சொல்லிவிட்டார்கள்.

"தண்டவாளத்த மாத்தி வுடப் பழகறியா?" என்றார், பின்னறைக்குள் வந்து நின்ற இன்ஸ்பெக்டர்.

"பொம்ம ரயிலுங்க."

வண்டி வந்துகொண்டிருக்கும்போதே இன்ஸ்பெக்டர் ஒரு கம்பியை வெடுக்கென்று இழுத்தார். எஞ்சின் ஒரு பாதையிலும் பெட்டிகள் மறு பாதையிலுமாகப் பிரிந்து, எல்லாம் தரையில் விழுந்தன. கண்ணாயிரத்தை ஜீப்பில் ஏற்றினார்கள்.

நானும் குஞ்சம்மாளும் காவல் நிலைய ஜன்னலுக்கு வெளியே நின்றோம். உள்ளே கேட்பது காதில் விழுந்தது.

"உன் தெருவுல மரம் வெட்டப் போனது யாரு? பேரச் சொல்லிட்டு வூட்டுக்குப் போ."

தெருவில் ஒவ்வொருவர் மேலும் கண்ணாயிரத்துக்கு ஒரு சந்தேகம் உண்டு. காரணத்தோடு என்னிடம் சொல்லியிருக்கிறார். எதிர்வீட்டு அய்யனார் இருட்டோடு கோடாலி எடுத்துப் போனதையும், தன்னைக் காட்டிக்கொடுத்தது அதே அய்யனார்தான் என்பதையும் ஜீப்பில் ஏறும்போதுகூட முணுமுணுத்தார்.

"தெரியாதுங்க."

ஓங்கி ஓர் அறை. மறுபடி கேள்வி. மறுபடியும் "தெரியாதுங்க."

குஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னக் கூட நம்பாத மனுசன். அந்தாளுக்கு இன்னிக்கி ஒரு பேரு வாயில வரல பாருங்க."

மறுநாள் பொழுது சாய்ந்துதான் விட்டார்கள். சில நாள் கழித்துப் போனபோது, வீங்கிய கன்னத்தோடு வளைந்த கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"அய்யனார் பேரை ஏன் சொல்லலை?"

"என் சந்தேகம் இன்னிக்கி வரும், நாளைக்கி போவும். போலீஸ்காரன் எழுதிக்கினா போவுமா?" நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சின்னசேலத்துக்கு என்கூட வந்தது நீங்க ஒருத்தர்தான். உங்க மேலயும் எனக்குச் சந்தேகம் இருக்கு."

பலகை மேல் கை ஊன்றினேன். என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக அப்பால் எடுத்து வைத்தார். பிறகு, பார்வையைக் கம்பியை விட்டு எடுக்காமலே, தான் உட்காரும் ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.