கழன்ற குழாயும் காலியான குளமும்

சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் சின்னதாக ஒரு மீன் குளம் கட்டினோம். உள்ளே பம்பு, கரைமேல் வடிகட்டித் தொட்டி.

என் கணவர் ஒரகடத்துக் கம்பெனியில் மெயின்டனன்ஸ். அங்கே உற்பத்தி லைன் நிற்கக் கூடாது என்று, எது கழன்றாலும் கைக்குக் கிடைத்ததைச் சுற்றிக் கட்டி ஷிப்டை ஓட்டிவிடுவார்கள். வீட்டிலும் அதே கதை. பம்பிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற, தொட்டியின் வாயைவிடப் பெரிய குழாயை வாங்கி வந்தார். குழாயை இறுக்கும் கிளிப் போடாமல் சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டினார்.

"சரியான அளவுல வாங்கினு வாங்களேன்" என்றேன்.

"தண்ணி ஓடிக்கினு கீதுல்ல, அப்புறம் இன்னா?" என்று ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

மத்தியானம் பார்த்தால், குழாய் கழன்று குளத்துத் தண்ணீர் முழுக்கக் கரையோர வாழைக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. மீன்கள் வெறும் சிமென்ட் தரையில் துடித்தன. சுவிட்சை அணைத்து, எரிச்சலும் அழுகையுமாக அவற்றைத் தண்ணீர் நிரப்பிய சோற்றுக் குண்டானில் அள்ளிப் போட்டேன். நல்லவேளை, எல்லாம் பிழைத்தன.

ஷிப்டு முடிந்து வந்ததும் அவர் "சோறு?" என்றார். குண்டானைக் காட்டினேன்.

இப்போது குழாயும் கிளிப்பும் நானே அளவு பார்த்து வாங்குகிறேன். பம்பைச் செங்கல் அடுக்கின் மேல் வைத்திருக்கிறேன். குழாய் கழன்றாலும் அடியில் தண்ணீர் மிஞ்சும். கம்பெனியில் ஏதாவது கழன்றால் மணி அடிக்குமாம். மீனுக்கு வாய் இருந்தும் கத்தத் தெரியாதே!