கூச்சக்காரன் வண்டிக்கு வைத்த விளக்கு

எனக்கு ஹாரன் அடிக்கக் கூச்சம். முன்னால் போகிறவரை ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்வது, பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் தோளைத் தட்டி எழுந்திருக்கச் சொல்வது போல இருக்கும். ஜலகண்டாபுரத்தில் வைக்கோல் டிராக்டர் ஒன்றின் பின்னால் மாட்டினால் மேட்டூர் வரைக்கும் அதன் பின்னாலேயே போவேன். வேலைக்குப் போய் இறங்கியதும், மேலெல்லாம் ஒட்டிய வைக்கோலைப் பார்த்து, வீட்டில் மாடு வைத்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள்.

இப்படிப்பட்டவன் ஐம்பதை நெருங்கும் வயதில் நெடும்பயண பைக் வாங்கினால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். இதில் லடாக் வரை போகலாம் என்று ஷோரூமில் சொன்னார்கள். நான் மேட்டூரில் ஒரு கம்பெனியின் கிடங்கில் வேலை பார்க்கிறேன். லடாக்கில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. அதை எடுத்துச் சொல்லக் கூச்சப்பட்டே வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகு உயிராகிப் போனது. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டால் யாரும் என்னிடம் பேச முடியாது. அந்த நிம்மதி எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

காலை ஷிஃப்டுக்கு இருட்டோடு கிளம்ப வேண்டும். கார்த்திகைப் பனியில் வண்டியின் சொந்த விளக்கு நாலடி தாண்டாது. ஒருநாள் பின்விளக்கே இல்லாத மரவள்ளிக்கிழங்கு டிராக்டர் ஒன்று திடீரென்று முன்னால் முளைத்தது. அதில் மோதாமல் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கினேன். டிராக்டர்காரர் வந்து என்னைத் தூக்கிவிட்டு, ஒரு ஹாரன் அடித்திருக்கலாமே என்று வருத்தப்பட்டார். நானும் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வீட்டில் தீர்ப்பு உடனே வந்தது.

"எதுக்க நிக்கறது தெரியறாப்பல நல்ல லைட்டா போடுங்க. நானே பின்னால உக்காந்து பாக்கறேன். தெரியலீன்னா வண்டி தம்பிக்குத்தான்" என்றாள் மனைவி.

அவள் தம்பி விபத்துக்கு ஆறுதல் சொல்ல வந்திருந்தான். ஆறுதல் சொல்லும்போதே வண்டியின் சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒயரிங் என்றால் நாமக்கல்தான் மச்சான், வேறெங்கும் போகாதீர்கள் என்று வழியும் அவன்தான் சொன்னான்.

நாமக்கல் லாரிக்குக் கூண்டு கட்டுகிற ஊர். அங்கே வண்டிக்கு விளக்கு வைப்பதென்றால் கோயிலுக்குச் சீரியல் செட் போடுகிற மாதிரி. பட்டறைக்காரர் ஒரு லாரிக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, நான் நீட்டிய இரண்டு சின்ன விளக்குகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மீதி எங்கீங்க?"

இவ்வளவுதான் என்றேன். அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. கால் வைக்கும் இடத்தில் பச்சை லைட் ஒன்று போடலாமா என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். நம்பர் பிளேட்டைச் சுற்றி ஒரு வரிசை? வேண்டாம். கண்ணாடிக்குக் கீழே நீலம்? வேண்டாம். ஒரு மனிதரிடம் மூன்று முறை வேண்டாம் என்பது எனக்கு ஒரு வருஷத்துக்கான அளவு. நாலாவது கேள்வி வந்தபோது என்னிடம் தெம்பு இல்லை.

"சுவிட்சைத் தனியா வெச்சா ஹேண்டில்ல துருத்திட்டு நிக்குமுங்க. இருக்கற பட்டன்லயே குடுத்தரட்டுங்களா?"

எந்தப் பட்டன் என்று கேட்டிருக்க வேண்டும். சரிங்க என்றேன்.

வேலை சுத்தமாக இருந்தது. ரிலே, ஃபியூஸ் எல்லாம் வைத்து, ஒரு ஒயர் கூட வெளியே தெரியாமல் கட்டிவிட்டார். பிறகு ஹாரன் பட்டனை அழுத்தினார். விளக்குகள் பட்டப்பகலிலும் கண் கூச எரிந்தன. கூடவே ஒரு லாரி அலறியது. லாரியின் நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. பழைய ஹாரன் அழுகிற மாதிரி இருந்ததால் அதையும் மாற்றிவிட்டாராம். அதற்குக் காசு வேண்டாம் என்றார்.

"எதுக்க வர்றவன் பாக்கோணும், கேக்கோணும். ரெண்டுக்கும் ஒரே பட்டன் போதுமுங்க."

விரலை எடுத்தார். வெளிச்சமும் போனது, சத்தமும் போனது. ரொம்ப நல்லாயிருக்குங்க என்று சொல்லிவிட்டு, வீடு வரும்வரை அந்தப் பட்டன் பக்கம் விரலைக் கொண்டுபோகாமல் ஓட்டி வந்தேன். நாளைக்கே வேறு கடையில் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் வாசலில் மனைவி தயாராக நின்றாள். மச்சினனும் இருந்தான். பஸ்ஸில் வந்தவன் கையில் ஹெல்மெட் எதற்கு என்று யாரும் அவனைக் கேட்கவில்லை.

பொழுது இறங்கியதும் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தறிச் சத்தம் ஓய்ந்து, காட்டு ரோடு வந்தது.

"லைட்டப் போடுங்க."

விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அடிங்க."

"ஆளே இல்லாத ரோட்டுல எப்படி அடிக்கறது?"

"தம்பி ஊட்லதான் இருக்கறான்."

அழுத்தினேன். புளியமரம், மைல்கல், அதற்கப்பால் ரோட்டோரம் நின்ற டிராக்டர் எல்லாம் பகல் போலத் தெரிந்தன. அன்றைக்கு என்னைப் பள்ளத்தில் இறக்கிய டிராக்டர்தானா என்று தெரியாது. பின்விளக்கு இல்லாதவை எல்லாம் எனக்கு ஒன்றுபோலத்தான். அதன்மேல் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தவர் துள்ளி விழுந்து, எதற்கு இப்படி அடிக்கிறீர்கள், காது போய்விடும் போலிருக்கிறது என்று சத்தம் போட்டார். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து அவள் முந்திக்கொண்டாள்.

"மொதல்ல உங்க வண்டிக்கு லைட்டப் போடுங்க சாமி. காதை அப்பறம் பாக்கலாம்."

திரும்பி வந்ததும் அவள் தம்பியிடம், நீ பஸ்ஸிலேயே போய்க்கொள் என்று சொன்னாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. ஒயரை மட்டும் தனிச் சுவிட்சுக்கு மாற்றிக்கொள்கிறேன் என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஒயரத் தொட்டா வண்டி தம்பிக்கு. இன்னிக்குத்தான் நீங்க வர்றது ரோட்டுக்குத் தெரிஞ்சுது."

இப்போதெல்லாம் விடிவதற்கு முன் மேட்டூர் ரோட்டில் அலறிக்கொண்டே போகிறேன். வழியில் இருப்பவர்கள் அலாரம் வைப்பதை விட்டுவிட்டதாக டீக்கடையில் சொன்னார்கள். தலையைக் குனிந்துகொண்டு டீயைக் குடித்தேன். வண்டி என்னிடம்தான் இருக்கிறது. மச்சினன் மட்டும் எப்போது வந்தாலும் இன்னும் ஹெல்மெட்டோடுதான் வருகிறான்.