அங்கிளின் குளத்துக்கு நான் போட்ட மூடி

யாராவது என்னை நம்பி ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டால் போதும், கேட்டதற்கு மேல் இரண்டு மடங்கு செய்தால்தான் எனக்குத் திருப்தி. அலுவலகத்தில் இதற்காகவே என்னைப் பாராட்டுவார்கள். வீட்டில் கணவர் மட்டும், "உன்கிட்ட ஒரு செடியைக் கொடுத்தா தண்ணி ஊத்தியே கொன்னுடுவ" என்பார். அதை நான் ஒருநாளும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஆஸ்திரேலியாவில், மெல்போர்னை ஒட்டிய வெரிபீயில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். எழுபதை நெருங்கும் அங்கிள், அளந்துதான் பேசுவார். அவர் மனைவி, எங்கள் அன்ரி, இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் அன்ரி வைத்த சின்னக் குளம் ஒன்று இருக்கிறது. ஒரு கட்டில் அளவுதான் இருக்கும், அதில் பதினோரு தங்கமீன்கள். மாலையில் அங்கிள் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். இங்கே குளிர் தொடங்கும் ஜூன் மாதம் மகளின் பிரசவத்துக்காகக் கனடா புறப்பட்டபோது பின்கேட்டுச் சாவியை என் கையில் தந்தார்.

"சாப்பாடு ஒண்டும் போட வேண்டாம் பிள்ளை. குளிருக்கு அதுகள் சாப்பிடாது. சும்மா ஒருக்கா எட்டிப் பாத்தாக் காணும்," என்றார். பெட்டியைக் காரில் ஏற்றியபிறகு திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னார். "மனுசி வளர்த்ததில உயிரோட மிச்சம் இருக்கிறது இதுகள் மட்டும்தான்."

இப்படிச் சொல்லிவிட்டுப் போன மனிதரின் மீன்களைச் சும்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியுமா? எங்கள் ஊர்க் கோயில் குளத்து மீன்களுக்குப் பொரி போடாமல் நான் வீடு திரும்பியதே கிடையாது. மூன்று மாதம் பட்டினி போடச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. இந்தியன் கடையில் பொரி வாங்கி, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிடி போட்டேன். ஒரு மீன்கூட மேலே வரவில்லை. அடுத்த முறை போகும்போது பொரி இருக்காது. கூச்சப்பட்டுக்கொண்டு நான் போனபிறகு சாப்பிட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அது ஊறி அடியில் போய்த் தங்கியது என் புத்திக்கு எட்டவில்லை.

ஜூலையில் ஒரு நாள் காலை கார்க் கண்ணாடி முழுக்க உறைபனி. ஓடிப்போய்ப் பார்த்தால், குளத்தின் ஓரத்தில் அப்பளம் மாதிரி ஒரு பனித்தகடு. வீடு கட்டியபோது மிஞ்சிய தெர்மாகோல் பலகைகள் எங்கள் கராஜில் கிடந்தன. அவற்றைக் குளத்தின் மேல் அடுக்கி, அதற்கு மேல் தார்ப்பாய் விரித்து, சுற்றிலும் செங்கல் வைத்து இறுக்கினேன். குளிர்ந்த தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்த பம்பையும் நிறுத்தினேன். மூடுவதற்கு முன், அடிக்கடி திறக்க வேண்டாமே என்று பொரியை ஒரேயடியாக நாலு பிடி போட்டேன். அன்றைக்கு அலுவலகத்துக்கு எவ்வளவு பெருமையாகப் போனேன் என்பதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

அங்கிள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார். பேரக்குழந்தையைக் காட்டிவிட்டு மீன்களை விசாரிப்பார். எல்லாம் சுகம் என்பேன். மூடியைப் பற்றி மூச்சு விடவில்லை, வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் மூடியபிறகு நான் ஒருநாளும் உள்ளே பார்க்கவே இல்லை. திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் என்று பயம்.

செப்டம்பரில் வெயில் வந்தது. எதிர்வீட்டு மரத்தில் மேக்பை பறவையின் குஞ்சுகள் கத்த ஆரம்பித்தன. அங்கிள் வர நான்கு நாள் இருக்கும்போது செங்கல்லை நகர்த்தித் தார்ப்பாயையும் பலகைகளையும் எடுத்தேன். அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. தண்ணீர் கறுப்பாக இருந்தது. மீன்கள் நிறம் வெளுத்து, வயிறு மேலே தெரிய மிதந்தன. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ வந்து விஷம் வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. நான் செய்திருப்பேன் என்று நினைக்கவே எனக்கு அரைமணி நேரம் பிடித்தது.

தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். கடும்பனி நாடுகளில் ஏரி முழுவதும் உறைந்து, அதன்மேல் பனி மூடிவிட்டால், உள்ளே வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை, அடியில் அழுகுவதெல்லாம் இருக்கிற காற்றையும் தின்றுவிடும், மீன்கள் மூச்சு முட்டிச் செத்து வசந்தத்தில்தான் மேலே தெரியும் என்றாள். இங்கே ஏரி அப்படி உறையாது, நீங்களே உறைய வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னபோது அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளிர் அவற்றை ஒன்றும் செய்யவில்லை, நான்தான் கொன்றேன்.

பத்து மீன்களை எடுத்து எலுமிச்சை மரத்தடியில் புதைத்தேன். பதினோராவது கரைந்துபோயிருக்கும் என்று விட்டுவிட்டேன். அதே மாதிரிப் புது மீன்கள் வாங்கி விட்டுவிடலாம் என்றார் கணவர். அந்த யோசனை எனக்கு முன்பே வந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

அங்கிள் வந்து இறங்கியதும், பெட்டியைக்கூட உள்ளே வைக்கவிடாமல் வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். பொரி, பம்பு, மூடி, புதைத்த பத்து மீன்கள், ஞாயிற்றுக்கிழமைப் பொய்கள். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நேரே பின்பக்கம் போனார். பம்பைப் போட்டார். குளத்தின் ஓரத்தில் மண்டியிட்டு ஒவ்வொரு மூலையாகக் கையால் துழாவினார். பம்பின் குழாய் வெளியே வரும் மூலையில் கை நின்றது. குழாய் இடித்ததால் அங்கே மட்டும் என் தெர்மாகோலும் தார்ப்பாயும் சரியாக உட்காராமல், ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி விழுந்திருந்தது. அதற்கு நேர் கீழே ஒரு மீன் தண்ணீர்மட்டத்தில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு பேசினார். "ஊரில சண்டை நேரம் செல்லடிக்குப் பயந்து பங்கர் வெட்டேக்க, மேல மூடினாலும் மூச்சுக்கு ஒரு ஓட்டை விட வேணும் பிள்ளை. வாசல் இடிஞ்சு மண் மூடினாலும், அது இருந்தா உள்ளுக்க இருக்கிற சனம் தப்பும்."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நாங்கள் முதல் வெட்டின பங்கருக்கு அதை விடேல்லை. எங்களுக்கும் தெரியாது."

அதற்குள் யார் இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.