பட்டதாரிக்கு இன்னொரு ஓட்டு

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வாங்க வைத்தவள் என் அக்கா. கல்யாணமான சில வருடங்களிலேயே கணவரை இழந்து, பிள்ளை குட்டி இல்லாமல், கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பி வந்துவிட்டவள். விடிவதற்கு முன்பே தூக்குவாளியோடு கிளம்பி ஜீப்பில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போவாள். பொழுது சாயும்போது திரும்புவாள். அந்த ஜீப்பில் ஒருத்தி மடியில் இன்னொருத்தி உட்கார்ந்து போவார்கள். பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அப்படிப் போய்ச் சம்பாதித்துத்தான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினாள். நான் சின்னமனூரில் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு நடத்தும் டீச்சராக ஆனேன்.

சட்ட மேலவை திரும்ப வரப்போகிறது என்ற பேச்சு அப்போதுதான் எழுந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது கலைக்கப்பட்ட சபை அது. நம் மாநிலத்தில் ஒரு காலத்தில் இரண்டு அவைகள் இருந்தன என்று பிள்ளைகளுக்கு நடத்துவேன். அதற்கு மேல் எனக்கே ஒன்றும் தெரியாது. சட்டசபையில் தீர்மானம் போட்டார்கள், டெல்லியும் ஒப்புக்கொண்டது, பட்டதாரிகளின் பெயர்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயத்தில் உத்தமபாளையத்திலிருந்து ஒரு வக்கீல் எங்கள் பள்ளிக்கு வந்தார். அறுபதைத் தாண்டியவர், ராவுத்தர் வீட்டுக்காரர். எந்தக் கட்சியிலும் இல்லாமல் பட்டதாரிகள் தொகுதியில் நிற்கப்போவதாகச் சொன்னார். எங்கள் ஆசிரியர் அறையில் அவரை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. தேர்தலில் தோற்றவர்களுக்கு நாற்காலி போடத்தானே இந்தச் சபை என்று கணக்கு வாத்தியார் முகத்துக்கு நேராகவே கேட்டார். வக்கீல் மறுக்கவில்லை. அப்படியும் நடந்திருக்கிறது, அதனால்தான் உள்ளே போகிறவர் யாரென்று நீங்கள் பார்க்க வேண்டும் என்றார். கீழ்ச்சபை அவசரத்தில் போடும் சட்டத்தை மேலவையால் தடுத்துவிட முடியாது. கொஞ்ச நாள் நிறுத்தி, இது யாரைப் பாதிக்கும் என்று கேட்க முடியும். அந்தக் கேள்விக்குத்தான் அங்கே ஆள் வேண்டும் என்றார். மலைக்குக் கூலிக்குப் போகிறவர்கள் இங்கே ஓட்டுப் போட்டுவிட்டு அங்கே வேலை செய்கிறார்கள், இரண்டு பக்கமும் அவர்களைப் பற்றிப் பேச நாதியில்லை என்று அவர் சொன்னபோது, என் அக்காவும் அப்படிப் போகிறவள்தான் என்றேன். அவளைப் பார்க்க வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார். அக்கா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

"இந்த ஓட்டு எனக்கும் உண்டா சார்?"

"இல்லம்மா. பட்டம் வாங்குனவுகளுக்கு மட்டுந்தான்."

"அப்ப இவளுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணா?"

ஆமாம் என்றார். அவர் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். உடனே, மேலவையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள், உங்கள் ஊர் மெம்பருக்கு அதில் ஓட்டு வரலாம் என்று சமாதானம் சொன்னார். அக்கா சிரித்துவிட்டாள். நாங்கள் போகிற ஜீப்பே எங்கள் மெம்பருடையதுதான் என்றாள்.

அவர் கிளம்பும்போது, உங்களுக்கு என்னம்மா வேண்டும் என்று கேட்டார். அக்கா எழுந்து நின்று சொன்னாள்: "அங்கன போனீகன்னா ஜீப்ப நிறுத்தச் சொல்லிராதீக. ஜீப்பு நின்னா எங்க அடுப்பு எரியாது. காலையில ஒரு கவர்மெண்டு பஸ்ஸு விடச் சொல்லுங்க. அது போதும்."

ஐப்பசி மழையில் ஒருநாள் வேலை முடிந்து திரும்பும்போது ஜீப் கவிழ்ந்தது. மேலே பனிமூட்டம், எதிரே லாரி, ஓரத்தில் மண் இளகியிருந்தது என்று பிறகு சொன்னார்கள். எங்கள் தெருவில் மட்டும் இரண்டு பெண்கள் போய்விட்டார்கள். ஒருத்தி என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். அக்கா உயிரோடு இருந்தாள். தேனி பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தபோது, கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்று என்னிடம் சொன்னாள். முதுகெலும்பு போய்விட்டது. இனி நடக்க மாட்டாள் என்று டாக்டர் என்னை வராண்டாவுக்கு அழைத்துப் போய்ச் சொன்னார்.

வக்கீல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நஷ்டஈட்டு வழக்கை அவரே எடுத்து நடத்தினார். விபத்து நடந்தது கேரளத்தில், ஜீப் தமிழ்நாட்டு ஜீப். தோட்ட முதலாளி, இவர்கள் யாரும் என் ஆட்கள் இல்லை, தினக்கூலிக்கு வந்து போகிறவர்கள் என்றார். இங்கே கேட்டால் அங்கே போகச் சொன்னார்கள். அங்கே போனால் மலையாளத்தில் பதில் சொல்லி இங்கே அனுப்பினார்கள். அதிகாரிகள் சோதனை என்று சொல்லி ஜீப்புகளைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள். பஸ் விடவில்லை. அந்த நாட்களில் எங்கள் தெருப் பெண்கள் வேலை இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். இழவு விழுந்த வீட்டுக்காரர் ஒருவர்கூட, ஜீப்பை விடச் சொல்லி மனுக் கொடுக்கப் போன கூட்டத்தில் நின்றார் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். அவர் மனைவிதான் செத்திருந்தாள். மகள் வேலைக்குப் போய்த்தான் வீடு நடக்க வேண்டியிருந்தது. பிறகு ஜீப் ஓடியது. கொஞ்ச நாள் குறைவான ஆட்களோடு, பிறகு பழையபடி.

தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. புதிய அரசு மேலவை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அதைச் சொல்லத்தான் வக்கீல் மறுபடி எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா கட்டிலில் படுத்திருந்தாள். நான் அவளைப் புரட்டிப் போட்டு முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே காத்திருந்து, நான் கூப்பிட்ட பிறகு உள்ளே வந்தார்.

"அந்தச் சபை வரலம்மா," என்றார்.

"வந்திருந்தா மட்டும் பஸ்ஸு விட்டிருப்பாகளா சார்?"

"தெரியல. நான் எந்திரிச்சு நின்னு கேட்டிருப்பேன். மந்திரி ஏதாச்சும் பதில் சொல்லியிருக்கணும். அம்புட்டுத்தான் என்னால சொல்ல முடியும்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க பொய் சொல்லல சார்," என்றாள். பிறகு அவருக்கு டீ கொடுக்கச் சொன்னாள்.

எனக்கு அன்று அவர் மீது கோபம்தான் வந்தது. சபையை மூடுகிறவர்களுக்கும் திறக்கிறவர்களுக்கும் அது கட்சிக் கணக்கு. இவர் ஒருவர்தான் அதை உண்மையென்று நம்பி, எங்களையும் நம்ப வைத்தார் என்று நினைத்தேன். அவர் போன பின்பு இதை அக்காவிடம் சொன்னேன். என்னை யார் வந்து என்ன வேணும்னு கேட்டிருக்காக, அவர் கேட்டாரே என்றாள்.

அக்காவுக்குப் படுக்கைப் புண் வந்தது. ஆற்றவே முடியவில்லை. நான் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துக்கொள்வார்கள். இரண்டாவது வருடக் கோடையில் காய்ச்சல் கண்டு, நினைவு தப்பி, இறந்துபோனாள். அவள் போகும் வரை நஷ்டஈட்டு வழக்கில் தீர்ப்பு வரவில்லை. உடலை எடுப்பதற்கு முன்பே வக்கீல் வந்துவிட்டார். ஆண்கள் கூட்டத்தோடு வெயிலில் நடந்து சுடுகாடு வரை போனார் என்று பிறகு சொன்னார்கள்.

அதற்கப்புறம் தேர்தல் வரும்போதெல்லாம் யாராவது மேலவையைக் கொண்டுவருவோம் என்கிறார்கள். எதிர்க்கட்சி அது வீண் செலவு என்கிறது. ஆசிரியர் அறையில் இப்போது இருக்கும் இளம் டீச்சர்கள் அதைப் பேப்பரில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். நான் வாயைத் திறப்பதில்லை. வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டாம் என்றால் அக்காவுக்காகப் பேச இருந்த ஒரே நாற்காலியையும் நானே தள்ளிவிடுவதுபோல இருக்கிறது.

வக்கீலைக் கடைசியாக உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கண் சரியாகத் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டார். திரும்பவும் மேலவை என்று பேசுகிறார்களே, நிற்பீர்களா என்று கேட்டேன்.

"மாட்டேன்மா. பழைய மாதிரி வந்தா வரவே வேண்டாம். படிச்சவனுக்கு எதுக்குத் தனியா இடம்? அவனுக்கு எல்லாக் கதவும் தொறந்துதான் இருக்கு. மலைக்குப் போறவுக, கல்லு ஒடைக்கிறவுக, ஒரு ஊர்ல ஓட்டும் இன்னொரு ஊர்ல பொழப்புமா இருக்கிறவுக, அவுகளுக்கு இடம் போடட்டும். ஒங்க அக்கா கேட்டப்பவே எனக்கு இது தோணியிருக்கணும்."

இதை எங்கேயாவது சொன்னீர்களா என்றேன். பார் அசோசியேஷன் கூட்டத்தில் சொன்னேன், சிரித்தார்கள் என்றார். அவர் போக வேண்டிய பஸ் வந்தது. படி உயரமாக இருந்தது. நான் ஒரு கையைப் பிடித்துக்கொள்ள, கண்டக்டர் மேலிருந்து இன்னொரு கையைப் பிடித்து ஏற்றினார். ஜன்னலோரம் உட்கார்ந்து, நான் நின்ற பக்கம் எதுவென்று தெரியாமல் பொதுவாகக் கையை அசைத்தார்.