பழைய சாமானைக் கையில் கொடு!

"ஸ்டியரிங்கைத் திருப்பறன்... வண்டி கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு அப்புறமாத்தான் திரும்புது!"

போன வாரம் ஒரு காலை என் மனைவி ஸ்டெல்லா இப்படிச் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. தளியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு ரோஜாத் தோட்டம். விடிந்ததும் பூ லோடு ஏற்றி ஓசூருக்கு பிக்கப் ஓட்டிப் போவது அவள்தான். நான் எழுதுகிறேன் – வீட்டில் இதற்குப் பெயர் 'சும்மா இருப்பது'. அன்றைக்கு ஒரு வளைவில், எதிரே வந்த கம்பெனி பஸ்ஸிடமிருந்து மயிரிழையில் தப்பித்து வந்திருக்கிறாள்.

"நாளைக்கும் லோடு இருக்குது. இன்னிக்கே சரி பண்ணிட்டு வாங்க. இல்லன்னா நாளைக்கு நீங்களே ஓட்டுங்க," என்றாள்.

கிளம்பினேன். ஆனால் யாரிடம் போவது? என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், எனக்கு மெக்கானிக் என்றாலே சந்தேகம்தான். பானெட்டைத் திறந்ததும் ஒரு பெருமூச்சு விடுவார்கள் பாருங்கள்... அந்தப் பெருமூச்சை மட்டும் நான் என்றைக்கும் நம்பியதில்லை.

ஓசூரில் சலீம் பாய் ஒர்க்ஷாப். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைப் பிடித்து ஆட்டினார்.

"கேக்குதா சார்? டக்கு டக்குன்னு? ரெண்டு பக்கமும் டை ராட் எண்டு போச்சு. ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் சேக்கற ஜாயிண்ட் அது. மாத்தியாவணும்."

கேட்டது. ஆனால் சத்தம் வண்டியிலிருந்து வந்ததா, அவர் கையிலிருந்து வந்ததா? நானும் ஆட்டிப் பார்த்தேன். எனக்கும் டக்கு டக்கு. சரி, மாற்றுங்கள் என்றேன் – ஒரு நிபந்தனையோடு.

"பாய், கழட்டுற பழைய சாமான் எல்லாம் என் கைக்கு வந்துடணும்."

நீங்களும் கேட்பீர்கள்தானே? மாற்றாமலே மாற்றினேன் என்று சொல்லிவிட்டால்? பழையது கையில் இருந்தால்தானே சாட்சி! பாய் ஒரு நட், ஒரு பின் விடாமல் அத்தனையையும் கேரி பேக்கில் போட்டு நீட்டினார்.

"எடுத்துட்டுப் போயி ஊறுகா போடுங்க சார்."

ஸ்டியரிங் கச்சிதமாக இருந்தது. திருப்பினால் திரும்பியது. சந்தோஷமாக நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால்... போட்டது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு ஒரு வழி உண்டு. ஓசூரில் பார்த்த வேலையை அத்திப்பள்ளியில் காட்டுவோம். அத்திப்பள்ளியில் பார்த்ததை ஓசூரில் காட்டுவோம். கர்நாடக பார்டருக்கு அந்தப் பக்கத்து மெக்கானிக் இந்தப் பக்கத்து மெக்கானிக்குக்காகப் பொய் சொல்ல மாட்டான் என்று ஒரு நம்பிக்கை. ஜூஜுவாடியைத் தாண்டி வண்டியை விட்டேன்.

அத்திப்பள்ளியில் மஞ்சு என்று ஒருவர். குனிந்து பார்த்தார். "நல்லாத்தானே போட்டிருக்கான் சார்?"

"கழட்டிப் பாருங்க."

"எதுக்கு சார்?"

"கழட்டிப் பார்த்தாதானே தெரியும்?"

வேண்டாவெறுப்பாக ஒரு பக்கம் கழற்றினார். முதலில் ஸ்ப்ளிட் பின்னை உருவி பம்பர் மேல் வைத்தார். நட் தானாகக் கழன்றுவிடாமல் ஓட்டையில் செருகி வளைத்துவிடும் சின்னக் கம்பி அது. புத்தம் புதுசு, பளபளவென்று இருந்தது. இந்த ஆள் இதை அமுக்கிவிட்டுப் பழையது எதையாவது மாட்டிவிட்டால்? யாரும் பார்க்காதபோது எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மாட்டும்போது நானே எடுத்துக் கொடுப்பதாகத் திட்டம்.

"ஒரிஜினல்தான் சார்," என்றார் மஞ்சு. நிச்சயமாகவா? எப்படிச் சொல்கிறீர்கள்? மார்க்கைக் காட்டுங்கள்... அவர் மறுபடி மாட்டி முடிக்கும்வரை நான் கேள்வியை நிறுத்தவில்லை. கடைசியில் அந்த மனுஷன் ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கை இரண்டையும் கூப்பினார். "ஆய்த்து சார், ஆய்த்து! முடிஞ்சுது, எடுத்துட்டுப் போங்க!"

ஜெயித்த திமிரோடு ஹைவேயைப் பிடித்து, தளி ரோட்டு வளைவுகளையெல்லாம் கடந்து, சாயங்காலத்துக்குள் வீடு வந்தேன். திண்டாடிப் பெற்ற சாட்சிகளை ஸ்டெல்லா முன்னால் பேப்பர் விரித்துக் கொட்டினேன். சட்டைப் பையில் இருந்ததையும் சேர்த்து. அவள் ரோஜாக் கட்டை வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"எல்லாம் துரு. இது மட்டும் ஏன் புதுசா இருக்குது?"

மாட்டும்போது எடுத்துக் கொடுப்பதாக இருந்த ஸ்ப்ளிட் பின்னை, கேள்வி கேட்ட மும்முரத்தில் மறந்தே போயிருந்தேன். ஆனாலும் வாய் என்ன சொன்னது தெரியுமா? "அந்த மஞ்சு போடாமயே விட்டுட்டான் பாரு... அப்பவே எனக்கு டவுட்டு!"

அவள் அந்தப் பின்னைத் தனியே எடுத்து வைத்தாள். சலீம் பாய்க்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் பாய் குரலே மாறிவிட்டது. "அக்கா, வண்டிய யாரும் எடுக்காதீங்க. நான் வரன்."

பைக்கில் வந்து இறங்கியவர் நேராக வண்டிக்கடியில் படுத்தார். "சார், இங்க வாங்க." நானும் படுத்தேன். பின் இல்லாத அந்த நட்டை விரலால் தொட்டார். சுற்றியது. ஸ்பேனர் இல்லாமல், வெறும் விரலுக்கே சுற்றியது.

"இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா ஜாயிண்ட் விட்டிருக்கும். ஸ்டியரிங் உங்க கையில இருக்கும், சக்கரம் அது இஷ்டத்துக்குப் போவும்."

நாளைக் காலை லோடோடு அந்த வளைவில் ஸ்டெல்லா. எதிரே கம்பெனி பஸ். அதை நினைத்தபடி வண்டிக்கடியிலேயே கிடந்தேன். எத்தனை பேரைச் சந்தேகப்பட்டேன் – பாயை, மஞ்சுவை, பார்ட்ஸ் கம்பெனியை, பெருமூச்சை! இத்தனை பேரில் ஒருத்தன் மட்டும் என் கண்ணில் படாமல் சட்டைப் பையோடு நின்றிருக்கிறான்.

பாய் நட்டை இறுக்கி, தன் டப்பாவிலிருந்து வேறு ஒரு பின்னை எடுத்துச் செருகி வளைத்தார். அது ஒரிஜினலா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டது.

இப்போதெல்லாம் லோடு கிளம்பும் முன் அவள் டயரைப் பார்க்கிறாள், ஆயிலைப் பார்க்கிறாள்... கடைசியாக என் சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பார்க்கிறாள்.