குளிராத ஊரில் டீசல் ஹீட்டர்

டீசலைச் சூடாக்க ஒரு கருவி உண்டு என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள். மார்கழியிலும் மின்விசிறி இல்லாமல் தூக்கம் வராத ஊர் இது. ஆனால் என் பழைய மினி லாரியில் அது இருந்தது. வடக்கே மலைப்பாதைகளில் ஓடிக் களைத்த வண்டியை, ஓய்வு பெற்ற கையோடு, யார் பேச்சையும் கேட்காமல் வாங்கியவன் நான். அங்கே பனிக்காலத்தில் டீசல் மெழுகுபோலக் கட்டிக்கொள்ளுமாம். அதற்காக ஃபில்டருக்கும் அதற்கு மேலிருக்கும் மூடிக்கும் நடுவே வட்டமான ஒரு ஹீட்டரைச் செருகி, மேலே ஒன்று கீழே ஒன்று என ரப்பர் வளையம் வைத்திருந்தார்கள். குடவாசலுக்கு வந்த நாளிலிருந்து அது ஒரு சொட்டு டீசலைச் சூடாக்கியதில்லை. ஒழுகுவதை மட்டும் செய்தது.

அதுவும் என் மைத்துனரின் நெல்லை ஏற்றிய பிறகுதான் ஒழுகியது. குத்தகை நிலத்தில் குறுவை அறுத்து, மூட்டை கட்டி, சாலையோரம் தார்ப்பாய் போட்டு ஒரு வாரம் காவல் கிடந்த மனிதர். கொள்முதல் நிலையத்தில் அவர் முறை அன்று மதியம். அதற்குள் நெல் அங்கே போய்ச் சேராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். கிழக்கே வானம் காலையிலேயே கறுத்திருந்தது. நெல் நனைந்தால் ஈரப்பதம் ஏறும், ஏறினால் எடுக்கமாட்டார்கள். ஊரிலிருந்த டிராக்டர்களை எல்லாம் மற்றவர்கள் பிடித்துக்கொண்டதால்தான் என் வண்டியிடம் வந்தார்.

வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அடியில் டீசல் குளம்.

மெக்கானிக் மொபெட்டில் வந்து குனிந்து பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துணி சோப்புத் துண்டை எடுத்தார். டீசல் ஒழுக்குக்குச் சோப்பைப் பிசைந்து அப்புவதுதான் எங்கள் பக்கத்து முதலுதவி.

"அதை உள்ள வைங்க," என்றேன்.

"அப்ப ஹீட்டரையே கழட்டிப் போட்டுடலாம் சார். நம்ம ஊருல டீசல் தானா கொதிக்குது, இது வேற எதுக்கு?"

"கழட்டினா மூணையும் கோத்துப் பிடிக்கிற நடு போல்ட் நீளமாப் போயிடும். ஃபில்டர் உக்காராது."

"சின்ன போல்ட் கடையில கெடக்கு. அரை மணியில எடுத்தாந்துடறேன்."

"கம்பெனி வெச்சதைப் பிடுங்கிப் போடறதுக்குப் பேரு ரிப்பேர் இல்லைங்க. புது ரிங் ரெண்டு என்கிட்ட இருக்கு. முறைப்படி மாட்டினா நிக்கும்."

"அத்தான், மணி பத்து," என்றார் மைத்துனர். "அவர் சொல்றபடியே செஞ்சுடலாமே."

"பத்து நிமிஷம்," என்றேன்.

முப்பத்திரண்டு வருடம் பாலிடெக்னிக்கில் டீசல் எஞ்சின் பாடம் நடத்தியவன் வேறு என்ன சொல்வான்? ஃபில்டரைக் கழற்றினேன், ஹீட்டரை இறக்கினேன். கீழ் வளையத்தை எடுத்துப் போட்டேன். மேல் வளையத்தைக் காணவில்லை; பொடிந்து போயிருக்கும் என்று முடிவு செய்தேன். துடைத்தேன். புது வளையங்களில் டீசல் தடவினேன். சொட்டு நின்றபாடில்லை. இறுக்கினேன். சொட்டு நூலாயிற்று. ஸ்பேனர் போட்டு இன்னும் இறுக்கினேன். நூல் கயிறாயிற்று. மறுபடி கழற்றி, துடைத்து, மாட்டி, இறுக்கி, மறுபடி.

மெக்கானிக் எதிரே மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். "சார் எழுதி முடிங்க. நான் அப்புறம் பேப்பர் வாங்கிக்கறேன்."

கொள்முதல் நிலையத்திலிருந்து போன் வந்தது. முன்னால் ஒரே ஒருவர்தான் பாக்கி. மைத்துனர் போனை மடியில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அப்போது மெக்கானிக் எழுந்து வந்து, என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் இறக்கினார். மேல் மூடியின் அடிப்பக்கத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினார்.

"சார், பழைய ரிங் இங்கதான் ஒட்டிக்கிட்டிருக்கு. அதுக்கு அடியில புதுசை வெச்சு நெரிச்சிருக்கீங்க."

கறுப்போடு கறுப்பாக இறுகியிருந்த அதை நகத்தால் உரித்து என் கையில் வைத்தார். புது வளையமோ என் இறுக்கலில் இரண்டு இடத்தில் அறுந்திருந்தது. புதிய வளையத்தைப் பொருத்துமுன் கவனிக்க வேண்டியது யாது? இரண்டு மதிப்பெண் வினா. பழையது முழுதும் வந்துவிட்டதா என்று பார்ப்பது. இதை எழுதாமல் விட்ட பிள்ளைகளை வகுப்பில் நிற்க வைத்திருக்கிறேன்.

அவர் என்னிடம் கேட்காமலே மொபெட்டை உதைத்துக்கொண்டு போய்ச் சின்ன போல்ட்டோடு வந்தார். ஹீட்டரை விட்டுவிட்டு ஃபில்டரை நேராக மாட்டி, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி, அநாதையாகத் தொங்கிய ஒயரில் டேப் சுற்றினார். வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது. அதுதான் எரிச்சலின் உச்சம்.

நாங்கள் போனபோது எங்களுக்குப் பின்னால் இருந்தவருடைய நெல்லை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் இவ்ளோ லேட்டு?" என்று அவர் கேட்டார்.

"எங்க அத்தானுக்கு வண்டியைப் பத்தி எல்லாம் தெரியும்," என்றார் மைத்துனர். "அதான் லேட்டு."

கெஞ்சி, அவருக்கு அடுத்ததாக நுழைந்தோம். பதினொரு மூட்டை பாக்கியிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தராசை மூடிவிட்டார்கள். தார்ப்பாயை இழுத்துப் போடுவதற்குள் மேல் வரிசை நனைந்துவிட்டது. அந்தப் பதினொன்றையும் அதே வண்டியில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினோம்.

"நாற்காலியையாவது தூக்குங்க," என்றாள் மனைவி. தூக்கினேன்.

நெல் உலர்த்தவும் முறை இருக்கிறது. "ரெண்டு அங்குலத்துக்கு மேல கனமா இருக்கக் கூடாது. மணிக்கு ஒருதரம்..." என்று ஆரம்பித்தேன்.

மைத்துனர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காலால் நெல்லைத் துழாவியபடி சொன்னார்: "அத்தான், நீங்க அந்தப் பக்கமா உக்காருங்க. ஃபேனை மட்டும் அஞ்சுல வெச்சுட்டு உக்காருங்க."

ஐந்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.