ஸலாம் சொல்லாத சேர்வர்

என் பேத்தி பைதன் என்ற கொம்பியூட்டர் மொழியில் ஒரு சேர்வர் எழுதினாள். பைதன் என்றால் மலைப்பாம்பாம். எங்கள் வயலில் பாம்பைக் கண்டால் அடிப்பார்கள். இவள் அதை வைத்து வேலை கேட்டாள். சேர்வரை எழுதி இயக்கிக் காட்டினால், வீட்டிலிருந்தே செய்யும் வேலை தருவதாகக் கொழும்புக் கம்பனி ஒன்று சொல்லியிருந்தது.

சேர்வர் என்ன செய்யும் என்று கேட்டேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கும், யாராவது வந்து கேட்டால் பதில் சொல்லும், ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் என்றாள். அரசாங்கக் கந்தோர்களில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பதில் சொல்வது மட்டும்தான் இதில் புதிது.

நேர்முகப் பரீட்சை அன்று காலை, என் போனிலிருந்தும் சேர்வருக்குள் போக வழி செய்து தந்துவிட்டு அறைக்குள் போனாள். நான் எதை எழுதினாலும் அது திருப்பிச் சொல்லுமாம். அழுத்தினேன். இணைந்துவிட்டது என்று காட்டியது. பிறகு ஒரு சத்தமுமில்லை.

வந்தவர்தான் முதலில் ஸலாம் சொல்ல வேண்டும், தெரியும். ஆனால் சிறியவர் பெரியவருக்குச் சொல்வதும் முறைதானே. அது பிறந்து இரண்டு நாள். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. போனை மடியில் வைத்துக்கொண்டு முருங்கை இலை உருவினேன்.

அறைக்குள் கொழும்புக் கம்பனி சேர் கொம்பியூட்டர் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க, பேத்தி தன் சேர்வரைக் கூப்பிட்டிருக்கிறாள். அது வாய் திறக்கவில்லை. இரண்டு நிமிடம் தருகிறேன் என்று அவர் சொன்னது திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் கேட்டது. வெளியே ஓடி வந்தவள் என் மடியைப் பார்த்தாள்.

"உம்மம்மா, உள்ளுக்குப் போய் ஒண்டும் கதைக்காமலா இரிக்கீங்க?"

"அது ஸலாம் சொல்லட்டும் எண்டு இரிக்கன்."

"நீங்க கதைக்கும் வரைக்கும் அது பார்த்துக்கிட்டு இரிக்கு. உங்களுக்குப் புறகு வந்த ஆக்கள் எல்லாம் வாசல்ல நிக்காங்க."

போனைப் பிடுங்கி என்னைச் சேர்வரிலிருந்து வெளியேற்றிவிட்டு அறைக்குத் திரும்பினாள். லைன் பிழை என்று சமாளிப்பாள் என நினைத்தேன். வீட்டில் ஒருவர் பேசாமல் உள்ளே உட்கார்ந்துவிட்டார் என்று சேரிடம் உண்மையைச் சொன்னாள். அப்படியானவர்களை என்ன செய்யலாம் என்று சேர் கேட்டார். அந்த இடத்திலேயே இரண்டு திருத்தம் எழுதினாள்: வந்தவருக்கு சேர்வரே முதலில் ஸலாம் சொல்லும், பத்து விநாடி பேசாதவரை அனுப்பிவிடும்.

வேலை கிடைத்தது. என்னால்தான் என்று வீடு முழுக்கச் சொன்னேன்.

பின்னேரம் மறுபடி உள்ளே போனேன். உடனே ஸலாம் வந்தது. மனம் குளிர்ந்து, பதில் ஸலாமை ஒற்றை விரலால் 'வஅலைக்கு' வரை எழுதியிருப்பேன், வெளியே தள்ளிவிட்டது.